சேது வழியாக வியன்னா

போன மாதம் திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், சும்மா திரும்பி வர மனம் இல்லாமல் நான் வேலை பார்த்த பழைய ஆபீஸுக்குள் நுழைந்தேன். மர மேஜைகளையெல்லாம் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி பதித்த மேஜை, சுவர் முழுக்க ஆகாய விமானத்தின் படம், டை கட்டிய இரண்டு குமாஸ்தாக்கள். நான் யாரென்று தெரிந்ததும் நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்தான்.

"சார், உங்க காலத்துல ஐரோப்பாவுக்கெல்லாம் எப்படி ஆளை அனுப்பினீங்க? ஒரு டிக்கெட் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு தடவை போயிட்டு வர வச்சிருவோம் தம்பி" என்றேன். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று இருவரும் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான் மண்ணச்சநல்லூர்க்காரன். அரிசி மில் தவிட்டுத் தூசியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் முடித்ததும் மில்லில் உட்காரச் சொன்னார் அப்பா. இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற கர்வத்தில் நான் கொள்ளிடத்தையும் காவேரியையும் தாண்டித் திருச்சிக்கு வந்து, ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் சேர்ந்தேன். அந்த இரண்டு ஆறுகளைத் தாண்டியதுதான் என் ஆயுளில் நான் செய்த பெரிய பயணம். காலமெல்லாம் கப்பல் டிக்கெட் விற்ற நான் கப்பலில் கால் வைத்ததே கிடையாது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

முதல் சில வருஷங்கள் தபால் ஒட்டியும் தந்தி கொடுத்தும் கழிந்தன. பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று போகிறவர்கள்தான் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு வந்து ஆபீஸை நிறைத்துவிடுவார்கள். ஐரோப்பா போகிறவர் எப்போதோ ஒருவர் வருவார். அவரை நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்போம்.

எங்கள் மேலதிகாரி சிக்கந்தர் ராவுத்தர். பாலக்கரைக்காரர். வெள்ளை ஜிப்பா, அதன் மேல் கறுப்புக் கோட்டு, தொப்பி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். யாருக்கும் டிக்கெட் கொடுப்பதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். பயணியை எதிரே உட்கார வைத்து, "வீட்டு வாசப்படியில நிக்கிறீங்க. போக வேண்டிய வாசப்படி வரைக்கும் வாயால போங்க பாப்போம்" என்பார். பெட்டியை யார் தூக்குகிறார், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, டிக்கெட் எந்தப் பையில் இருக்கிறது, இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒன்று விடாமல் பயணி சொல்லிக்கொண்டே போக வேண்டும். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மேஜை விளிம்பில் அவருடைய கட்டைவிரல் மெதுவாக ஊர்ந்துகொண்டே வரும். பயணியின் நாக்கு தடுமாறினால் விரல் நின்றுவிடும். "நாக்கு நிக்கிற எடத்துலதான் பயணமும் நிக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் திறப்பார். அந்த இடத்துக்கு ஒரு வழி செய்த பிறகுதான் டிக்கெட். ஆபீஸில் இதற்கு 'வாய்ப்பயணம்' என்று பெயர்.

உறையூர் சுருட்டு வியாபாரி ஒருவர் லண்டன் போக வந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். ஊர், கப்பல், சூயஸ் எல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனவர், "லண்டன்ல என் ஏஜெண்டு வந்து நிப்பாரு" என்றார்.

"அவரு மொகம் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவருக்கும் இவர் முகம் தெரியாது. பத்து வருஷமாக வியாபாரம் நடக்கிறது, ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. விரல் நின்றுவிட்டது. ராவுத்தர் கண்ணைத் திறந்து, "எறங்கினதும் உங்க சுருட்டை ஒண்ணு பத்த வைங்க. அந்த வாடை தெரிஞ்சவர்தானே அவரு? தேடிக்கிட்டு வந்துருவாரு" என்றார். அப்படித்தான் நடந்தது என்று திரும்பி வந்த வியாபாரி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கட்டு சுருட்டு கொடுத்தார். சுருட்டுப் பழக்கமே இல்லாத ராவுத்தர் தன் பங்கை என் பக்கம் தள்ளிவிட்டார்.

சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதை அது. வியன்னா கதை அப்படிப்பட்டதல்ல.

முப்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழையில் குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் டாக்டர் ருக்மிணி. பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை. சின்ன வயதில் கணவரை இழந்து, பிறகு படித்து டாக்டரானவர். மற்றவர் அவருடைய மாமியார் கோமளவல்லி அம்மாள். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். ஐம்பதைத் தாண்டிய வயது, வெளுத்த ஒன்பது கஜம், நிமிர்ந்த முதுகு. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மாமியார் பேசிவிட்டார்.

"வியன்னாவுக்கு ரெண்டு பேர் போகணும். இவ படிக்க. நான் இவளுக்குத் தளிகை பண்ணிப் போட."

கையில் இருந்த பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். ராவுத்தர் மட்டும் புருவம்கூட அசையாமல், "உக்காருங்கம்மா" என்றார்.

விஷயம் இதுதான். வியன்னாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிக்கலான பிரசவத்துக்கும் பெண்களுக்கான அறுவை சிகிச்சைக்கும் வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. மாசி பிறந்ததும் ஆரம்பம். கற்றுக்கொடுக்கும் பெரிய டாக்டர் அந்தக் குழுவோடு ஓய்வு பெறுகிறார். முதல் நாள் வந்து நிற்காதவரின் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அடுத்த வருஷம் என்ற பேச்சே இல்லை.

வீட்டில் கோமளம்மாளின் மறைந்த கணவருடைய தம்பி வரதாச்சாரியார், கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாராம். கணவனை இழந்த பெண் அன்னிய தேசத்துக்குத் தனியாகப் போவதா என்று கேட்டாராம். "தனியாப் போகப்படாதுன்னா நானும் போறேன்னு சொல்லிட்டேன்." என்றார் கோமளம்மாள்.

அப்புறம் ராவுத்தரை நேராகப் பார்த்து, "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. பிரசவத்துல போயிட்டா. ஆம்பிளை டாக்டரை உள்ளே விடப்படாதுன்னு சொன்னவா எல்லாரும் இன்னிக்கும் நன்னா இருக்கா. அவதான் இல்லை. அன்னிக்குத்தான் இந்த மாட்டுப்பொண்ணைப் படிக்க வைக்கறதுன்னு தீர்மானம் பண்ணினேன்" என்றார். குரல் கம்மவில்லை, கண் கலங்கவில்லை.

அந்த அம்மாள் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, பம்பாய் வழியாகப் போகக் கூடாது.

"பம்பாய்ல கப்பல் ஏறினா அது சமுத்திர யாத்திரை. சேது வழியா போனா ராமர் போன வழி. அவர் பாலம் கட்டிண்டு தாண்டினார், நான் டிக்கெட் வாங்கிண்டு தாண்டறேன். யாரும் வாயைத் திறக்க முடியாது."

அதாவது தனுஷ்கோடி, தலைமன்னார், கொழும்பு. அங்கிருந்து கப்பலில் இத்தாலியின் ஜெனோவா. பிறகு ரயிலில் மலை தாண்டி வியன்னா. சுற்று வழிதான், ஆனாலும் போகலாம்.

இரண்டாவது நிபந்தனை வைகுண்ட ஏகாதசி. பரமபத வாசல் திறக்கும்போது பெருமாளுக்குப் பின்னாலேயே போகிற பாத்தியதை அவர்கள் குடும்பத்துக்கு உண்டு. சேது வழியோ வேறு வழியோ, கடல் தாண்டி வந்தவருக்கு அந்தப் பாத்தியதை கிடையாது. "இதுதான் எனக்குக் கடைசி ஏகாதசி. அதைச் சேவிச்சுட்டுத்தான் கிளம்புவேன்" என்றார். நாளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தை முதல் வாரத்தில் கொழும்பில் ஒரு கப்பல் இருந்தது. ஏகாதசி முடித்துக் கிளம்பினாலும் அதைப் பிடித்துவிடலாம். இரண்டு பேருக்கும் இடம் சொல்லி வைத்தேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் வருவார்கள். கப்பல் கம்பெனியிலிருந்து நான் வரவழைத்திருந்த வியன்னா வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொள்வோம். நடுவில் பழைய ஊர். ராஜாக்களின் அரண்மனைகள், வானத்தைக் குத்துவது மாதிரி கூம்புடன் பெரிய மாதாகோயில். அதைச் சுற்றி மதில் இருந்த இடத்தை இடித்து வட்டமாக வீதி போட்டு டிராம் விட்டிருந்தார்கள். வெளிப்புறத்தில் புது ஊர். தொழிலாளிகளுக்கென்று நகரசபையே கட்டிய பிரம்மாண்டமான அடுக்கு வீடுகள், அவற்றுக்குள்ளேயே பள்ளிக்கூடம், துணி வெளுக்கும் கூடம். நான் படித்துச் சொல்லச் சொல்ல, கோமளம்மாள் எனக்குச் சளைக்காமல் கேள்வி கேட்பார். ராஜாவே இல்லாத ஊரில் அரண்மனையை யார் பெருக்குகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

எங்கே தங்குவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அருகில் மூன்று விடுதிகளைச் சொன்னேன். ஒன்றும் பிடிக்கவில்லை. திடீரென்று வரைபடத்தில் விரலை வைத்து, "இது என்ன, ரெண்டு நீலக்கோடு?" என்றார்.

"இது டான்யூப் நதிம்மா. இது அதுலேர்ந்து பிரியற கால்வாய். கீழே போய் மறுபடியும் அதோட சேர்ந்துடும்."

"நடுவுல இருக்கறது?"

"ஊரோட ஒரு பகுதி. தீவு மாதிரி."

முகம் மலர்ந்துவிட்டது. "காவேரியும் கொள்ளிடமும் மாதிரியேன்னா இருக்கு! இங்கேயே பாரும். டிராம் இருக்கோல்லியோ, இவ ஆஸ்பத்திரிக்கு அதுல போயிப்பா." ரங்கநாதர் ஊரை விட்டால் இரண்டு நீருக்கு நடுவில் உள்ள ஊர்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தீவில் யூதர்கள் அதிகம். ஒரு யூத அம்மாளின் வீட்டில் மாடி அறையும் தனி அடுப்பும் கிடைத்தன.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் வாய்ப்பயணத்துக்கு வரச் சொன்னார் ராவுத்தர். டாக்டரம்மா நன்றாகப் படித்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் முடித்தார். விரல் எங்கும் நிற்கவில்லை.

"இப்ப நீங்கம்மா."

"எதுக்கு? நான்தான் இவ கூடவே போறேனே."

"கூடப் போறவங்களுக்கும் வாய் இருக்கும்மா. முதல்ல அங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க. அப்புறம் வழி."

"விடியறத்துக்கு முன்னாடி எழுந்துண்டு, நதியிலே தீர்த்தமாடிட்டு" என்று ஆரம்பித்ததுமே விரல் நின்றது.

"மாசியில அந்தத் தண்ணி கல்லா உறைஞ்சு கிடந்தாலும் கிடக்கும்மா."

கோமளம்மாள் திகைத்துப் போனார். ஜலம் எப்படிக் கல்லாகும் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். வெந்நீர்தான், அதுவும் அறைக்குள்ளேயேதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க அரைமணி ஆயிற்று. உடுத்திக்கொள்ளக் கம்பளி தவிர வேறு வழியில்லை என்றதும் மட்டும் சந்தோஷப்பட்டார். "கம்பளி எப்பவும் மடிதானே, தீட்டே ஒட்டாது! அப்போ அந்த ஊர்லே எல்லாருமே மடியாத்தான் இருக்கா" என்றார். ராவுத்தர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகு வழியை ஆரம்பித்தார். பாசுரம் சேவிக்கிற மாதிரி ஒரு ராகம் தானாக வந்துவிட்டது. "ஏகாதசி சேவிச்சு, அகத்துப் பெருமாளைச் சேவிச்சு, வண்டியிலே மொட்டைக் கோபுரம் தாண்டி, காவேரிப் பாலம் தாண்டி, ஜங்ஷன். உங்க ஆபீஸ் பியூன் பழனியாண்டி பெட்டியை ஏத்தறான். தனுஷ்கோடி வண்டி. மண்டபம் ஸ்டேஷன்லே ஒரு டாக்டர் வந்து பார்ப்பார். எந்த ஊர்லேர்ந்து வரேள்னு கேப்பார். ஸ்ரீரங்கம்னு சொல்லுவேன்."

அவர் நாக்கு நிற்கவில்லை. ராவுத்தரின் விரல் தானாக நின்றது. அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அவர் கண்ணைத் திறந்து மிக மெதுவாகக் கேட்டார்.

"ஏகாதசி முடிஞ்ச கையோடயாம்மா?"

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு உடனே புரிந்தது. எனக்குச் சொல்லித்தான் புரிந்தது. ஏகாதசிக் கூட்டம் என்றால் லட்சக்கணக்கில் ஜனம். அந்தக் கூட்டத்தோடு சில வருஷங்கள் வாந்திபேதியும் வந்துவிடும். ஓர் ஊரில் வாந்திபேதி என்று தந்தி போய்விட்டால், அந்த ஊரிலிருந்து வருகிறவர்களை இலங்கைக்கு விடாமல் மண்டபத்து முகாமில் நாள் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் கொழும்புக் கப்பல் போயே போய்விடும். சேது வழி நல்ல வழி. ஏகாதசி நல்ல நாள். இரண்டும் சேர்ந்தால்தான் வழி அடைத்துக்கொள்கிறது.

"இந்த வருஷம் வராமலும் இருக்கலாம். அல்லா கையில இருக்கு. ஆனா வந்துருச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் ராவுத்தர்.

அம்மாளின் நிபந்தனையை மீறியாவது போகட்டும் என்று பம்பாய்க் கப்பலுக்கு அவசரத் தந்தி கொடுத்து, பதில் வரும்வரை அவர்களை உட்கார வைத்தோம். இடம் இல்லை. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "மண்ணச்சநல்லூர்னு சொல்லிடுங்கம்மா. எங்க வீட்டு விலாசம் தரேன்" என்றேன்.

கோமளம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அந்தண்டை போறத்துக்காக ஊரை மாத்திச் சொல்லணுமா? அப்படிப் போற ஊர் எனக்கு வேண்டாம்."

டாக்டரம்மாவும் தலையை ஆட்டினார். "நான் அந்த மண்டபத்து டாக்டரா இருந்தா நானும் நிறுத்தித்தான் வைப்பேன். அது சரிதான். அம்மா, நீங்க ஏகாதசியை விட வேண்டாம். நான் இந்தப் படிப்பை விட்டுடறேன்."

வெளியே வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கோமளம்மாள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியன்னாவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அது எங்கள் ரயில்வே வரைபடம். அவர் பார்வை ராமநாதபுரத்தில் இருந்தது.

"திருப்புல்லாணி இங்கேதானே?"

"ராமநாதபுரத்துல எறங்கிப் போகணும்மா."

"ராமர் சமுத்திர ராஜன்கிட்ட வழி கேட்டுண்டு புல்லுலே படுத்துண்ட ஊர். அங்கேயும் பெருமாள் இருக்கார், ஏகாதசியும் இருக்கு. கூட்டம் வரத்துக்கு முன்னாடியே கிளம்பி அங்கே போய் உக்காந்துக்கறோம். மண்டபத்து டாக்டர் கேட்டா ஸ்ரீரங்கம்தான்னு சொல்லுவேன், எப்போ கிளம்பினேன்னும் சொல்லுவேன். நிறுத்துவாரா?"

"நிறுத்த மாட்டாரும்மா" என்றார் ராவுத்தர்.

"அப்போ நாக்கு நிக்காது" என்று சொல்லி, வீட்டு வாசலிலிருந்து மறுபடியும் தொடங்கினார். ஏகாதசியைச் சொல்ல வேண்டிய இடத்தில் திருப்புல்லாணியைச் சொன்னார். அந்த இடத்தில் ராகம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. ராவுத்தரின் விரல் மேஜையின் மறு விளிம்புவரை போயிற்று.

ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல்பத்து தொடங்கும் சமயத்தில் கிளம்பினார்கள். பெட்டிகளுக்குத் துணையாக நான் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காவேரிப் பாலத்தில் எதிரே ஜனம் வந்துகொண்டே இருந்தது. கால்நடையாக, மாட்டு வண்டியில், மூட்டை முடிச்சோடு. எல்லோரும் ஸ்ரீரங்கத்துக்குள் போகிறார்கள், நாங்கள் மட்டும் வெளியே வருகிறோம். தெரிந்த மாமி ஒருத்தி வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன கோமளம், எல்லாரும் வரச்சே நீ எங்கே போறே?" என்று கூவினாள்.

"காரியமாப் போறேன்" என்றார் கோமளம்மாள்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிக் கோபுரங்களைப் பார்த்துக் கைகூப்பினார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் வாந்திபேதி வரவே இல்லை. ஏகாதசியும் அதைத் தொடரும் இராப்பத்தும் அமோகமாக நடந்து முடிந்தன. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "வீணா அந்தம்மாவை அனுப்பிட்டோமே சார்" என்று ராவுத்தரிடம் புலம்பினேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா?" என்று கேட்டார். நான் அடுத்த தபாலைப் பிரித்தேன்.

அடுத்த ஐப்பசியில் திரும்பி வந்தார்கள். ஜங்ஷனில் இறங்கியதும் நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். போய் வந்தவர்கள் நிஜமான பயணத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் ராவுத்தர் வழக்கம். கோமளம்மாள் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஆபீஸே கூடிவிட்டது. யூத மாமிக்குப் பாலுக்கு ஒரு பாத்திரம், மாமிசத்துக்கு ஒரு பாத்திரம் என்று நம்மைவிடக் கெடுபிடியான ஆசாரம் என்றார். அவளும் இவரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே தினமும் சமையலறையில் சண்டை போட்டுச் சமாதானம் ஆவார்களாம். தீவில் ஒரு ராட்சச ராட்டினம் இருந்ததாம். அதில் ஏறி மேலே போனபோது ஊரும் நதியும் தெரிந்தன, ரங்கா ரங்கா என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன் என்றார். மருமகள் கத்தி பிடித்த நேர்த்தியை அந்தப் பெரிய டாக்டரே மெச்சினாராம். (சில வருஷங்கள் கழித்து கோமளம்மாள், அந்த ஊரில் யூதர்களுக்கு நடந்த கொடுமைகளைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "என் மாமி என்ன ஆனா?" என்று கேட்டு இதே ஆபீஸுக்கு வந்தார். தந்தி கொடுத்தோம். பதில் வரவில்லை.)

அன்று ராவுத்தரின் விரல் ஊர்ந்துகொண்டே இருந்தது. கொழும்பு, மண்டபம், திருச்சி என்று வந்து, "இங்கேர்ந்து வண்டி. காவேரிப் பாலம். மொட்டைக் கோபுரம். எங்க வீதி திரும்பி, எங்க வாசல்லே" என்றவர் நிறுத்திவிட்டார்.

விரலும் நின்றது.

"பிராயச்சித்தம் பண்ணிண்டா என்னைச் சேர்த்துப்பாளாம். இவ அங்கே கண்டவா உடம்பையெல்லாம் தொட்டு அறுத்தவளாம், இவளைச் சேர்த்துக்க மாட்டாளாம். கொழும்புக்கே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிட்டான் வரதன்."

ராவுத்தர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வாசப்படி வரைக்கும்தாம்மா எங்க பொறுப்பு. இன்னும் வந்து சேரல. கெளம்புங்க. பழனியாண்டி, நீயும் வா."

நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்து வீதியில் வண்டி நின்றபோது ஜன்னல்தோறும் முகங்கள். வரதாச்சாரியார் வாசல் நிலையை மறித்துக்கொண்டு நின்றார். ராவுத்தர் தெருவிலேயே நின்று, "சாமி, இந்த வாசல்லேர்ந்து கூட்டிட்டுப் போனோம். இந்த வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டோம். அவ்வளவுதான்" என்றார்.

"மன்னி வரலாம். பரிகாரம் உண்டு. அவ வரப்படாது" என்றார் வரதாச்சாரியார்.

கோமளம்மாள் வண்டியிலிருந்து இறங்கிப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து அதே ராகத்தில் சொன்னார். "எங்க வாசல்லே எறங்கி, படியைச் சேவிச்சுட்டு, மறுபடியும் வண்டி. மொட்டைக் கோபுரம். காவேரிப் பாலம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலே ஒரு வாடகை வீடு. நானும் என் மாட்டுப்பொண்ணும்."

நாக்கு எங்கும் நிற்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் வீடு பார்த்துக் கொடுத்தோம். அந்த மார்கழியில் அவர்கள் குடும்பம் பெருமாளுக்குப் பின்னால் போயிற்று. கோமளம்மாள் ஊர் ஜனத்தோடு வரிசையில் நின்று பரமபத வாசல் தாண்டினார். கேட்டபோது, "வாசல் அதே வாசல்தான். வரிசைதான் நீளம்" என்றார்.

தை மாதம் டாக்டரம்மாவின் கருவிப் பெட்டி ஒன்று கப்பலில் பின்தங்கி வந்து சேர்ந்தது. அதைக் கொடுக்க ஒரு பிற்பகல் அந்த வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வரதாச்சாரியார் இறங்கினார். வண்டிக்குள் அவருடைய மருமகள், நிறைமாதம், முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். இரண்டு நாளாக வலியாம். கோமளம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலையில் நின்றார். அவர் பின்னால் டாக்டரம்மா.

வரதாச்சாரியார் படிக்குக் கீழே நின்று, "மன்னி, நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

கோமளம்மாள் நிலையை விட்டு விலகி வழி விட்டார்.

"பேசாதே வரதா. நாக்கு நின்னா நிக்கட்டும். பொண்ணை இறக்கு."

டாக்டரம்மா அதற்குள் நான் கொண்டுபோன பெட்டியைத் திறந்துவிட்டிருந்தார்.

சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து, ராவுத்தரின் எதிரே உட்கார்ந்து, அந்த வாசலில் வண்டி நின்றது முதல், உள்ளே குழந்தை அழுத சத்தம், தாயும் நலம் என்று டாக்டரம்மா வந்து சொன்னது வரைக்கும் வாயால் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் ஓர் இடத்திலும் நிற்காமல் மேஜையின் மறு விளிம்பைத் தொட்டது.

"இப்பத்தான்யா வந்து சேர்ந்தாங்க" என்றார்.